வேண்டாம் என்றாலும் காரோடு சேர்ந்தே வருபவை

பல வருடம் ஓட்டிய காருக்கு வயதாகிவிட்டது, இனி மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் கார் பார்க்கப் போகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு விசித்திரமான பட்டியல் இருக்கிறது. என்னென்ன வேண்டும் என்பதைவிட என்னென்ன வேண்டாம் என்பதுதான் அதில் நீளம். பெரிய டச் ஸ்கிரீன் வேண்டாம், சும்மா சும்மா பீப் அடிக்க வேண்டாம், சிக்னலில் நின்றால் தானாக இன்ஜின் அணைய வேண்டாம், நான் எங்கே போகிறேன் என்று யாருக்கும் தகவல் போக வேண்டாம், டிக்கியில் ஒரு ஸ்டெப்னி இருந்தால் போதும். இதைச் சொன்னால் விற்பனைப் பிரதிநிதி சிரித்துக்கொண்டே, 'சார், இதெல்லாம் இப்போ எல்லா வண்டியிலும் வருது' என்பார். அது பாதி உண்மை.

மீதிப் பாதி என்னவென்றால், இந்த அம்சங்கள் எல்லாம் ஒரே வழியாகக் காருக்குள் நுழையவில்லை. சில சட்டம் சொன்னதால் வந்தவை. சில பாதுகாப்பு நட்சத்திரத்துக்காக வந்தவை. சில புகைச் சோதனையில் நல்ல எண் காட்டுவதற்காக. சில தயாரிப்புச் செலவைக் குறைக்க, சில விற்று முடித்த பிறகும் மாதாமாதம் காசு பார்க்க. ஓட்டுகிறவர் கேட்டார் என்பதற்காக வந்தவை கொஞ்சம்தான். எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், எதைத் தவிர்க்க முடியும், எதை அணைத்து வைக்கலாம், எதோடு வாழ்ந்தே தீர வேண்டும் என்பது ஓரளவு பிடிபடும். இல்லையென்றால் எல்லாவற்றையும் மொத்தமாகத் திட்டிவிட்டு, கடைசியில் நல்லதையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

அதிகம் திட்டு வாங்குவது திரைதான், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். காருக்குள் டச் ஸ்கிரீன் ஒன்றும் புது யோசனை இல்லை. 1986-லேயே ப்யூக் ரிவியேரா காரில், அந்தக் கால டிவியில் இருந்தது போன்ற படக்குழாய்த் திரை ஒன்றை டேஷ்போர்டில் பதித்து, ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அதற்குள் தள்ளிப் பார்த்தார்கள். வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை, 1990 மாடலில் பட்டன்கள் திரும்பி வந்துவிட்டன. அப்புறம் 2012-ல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தது. பார்த்தவர்களுக்கு அது எதிர்காலம் மாதிரி இருந்தது, மற்ற நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கோ அது வேறொரு விஷயமாகத் தெரிந்தது. ஒரு பட்டன் என்றால் அதற்கு அச்சு வேண்டும், வயர் வேண்டும், லைட் வேண்டும், லட்சம் தடவை அழுத்தினாலும் உடையாது என்று சோதிக்க வேண்டும், எந்த இடத்தில் வைப்பது என்று கார் வெளிவருவதற்கு வருடக்கணக்கில் முன்பே முடிவு செய்ய வேண்டும். திரை என்றால் ஒரே பலகையைப் பத்து மாடலுக்கும் போடலாம், மெனுவைக் கடைசி மாதம்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆடம்பரம் என்று நமக்குச் சொல்லப்பட்டதில் பெரும்பங்கு சிக்கனம். அவர்களுடைய சிக்கனம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. பின்னால் நிற்கும் குழந்தைகள் தெரியாமல் ரிவர்ஸ் எடுத்து நடந்த விபத்துகளைப் பார்த்து, அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்களுக்கு ரிவர்ஸ் கேமராவைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேமரா இருந்தால் படத்தைக் காட்ட எங்காவது ஒரு திரை வேண்டும். திரை எப்படியும் வந்தாகிவிட்டது, அப்படியென்றால் ஏசியையும் அதிலேயே போட்டுவிடலாமே என்ற அடுத்த படிக்கு யாரும் சட்டம் போடவில்லை, அதை நிறுவனங்கள் தாங்களாகவே எடுத்தன. அதனால் 'திரையே இல்லாத புதுக் கார்' என்று தேடுவது பல நாடுகளில் வீண் வேலை. திரை இருக்கட்டும், ஏசிக்கும் சத்தத்துக்கும் திருகு இருக்கிறதா என்று தேடுவதுதான் நடக்கிற காரியம்.

இதில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதற்கு ஸ்வீடனின் வி பிலாகரே என்ற கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை செய்தது. பதினோரு புதிய கார்கள், அவற்றோடு ஒப்பிட 2005-ஆம் வருடத்து வோல்வோ வி70 ஒன்று. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே வெப்பத்தைக் கூட்டுவது, ரேடியோ நிலையத்தை மாற்றுவது, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது மாதிரியான சில சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும். ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு காரையும் முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பழைய வோல்வோவில் எல்லாம் பத்து விநாடியில் முடிந்துவிட்டது, அதற்குள் கார் போன தூரம் 306 மீட்டர். கடைசி இடத்தில் வந்த எம்ஜி மார்வல் ஆர் காரில் கிட்டத்தட்ட 45 விநாடி, 1,372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாதிக் கவனத்தோடு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-லேயே இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது: ஒரு தடவை சாலையிலிருந்து கண்ணை எடுத்தால் இரண்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாகப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. கட்டாயம் இல்லை, வழிகாட்டுதல்தான், அதனால் என்ன நடந்தது என்பதை எந்த ஷோரூமிலும் பார்க்கலாம்.

ஜெர்மனியில் இது நீதிமன்றம்வரை போனது. மழையில் ஓட்டிக்கொண்டிருந்த டெஸ்லா ஓட்டுநர் ஒருவர் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மரத்தில் மோதினார். கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் 2020-ல் அவருக்கு விதித்த அபராதத்தையும் ஒரு மாதம் ஓட்டத் தடையையும் உறுதி செய்தது. மொபைலை நோண்டினால் என்ன சட்டமோ, காரின் திரைக்கும் அதே சட்டம்தான் என்றது நீதிமன்றம். வைப்பரைத் திரைக்குள் வைத்தது யாரோ, அபராதம் கட்டியது ஓட்டியவர்.

நல்ல வேளையாகக் காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் எட்டாம் தலைமுறையில் பட்டன்களை எடுத்துவிட்டு, விரலால் தடவும் பட்டை ஒன்றை வைத்தார்கள், அதற்கு இரவில் வெளிச்சம்கூடக் கிடையாது. திட்டு வாங்கி 2024-ல் வெளிச்சம் கொடுத்தார்கள், சத்தம், வெப்பம், மின்விசிறி, ஹஸார்ட் லைட் ஆகியவற்றுக்கு இனி எப்போதும் நிஜ பட்டன்தான் என்று 2025-ல் அவர்களுடைய வடிவமைப்புத் தலைவரே சொல்லிவிட்டார். புதிய கார்களைச் சோதித்துப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026-லிருந்து இண்டிகேட்டர், ஹஸார்ட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு உணரக்கூடிய கட்டுப்பாடு இல்லையென்றால் முழு மதிப்பெண் கிடையாது என்று மாற்றியிருக்கிறது. ஐந்து நட்சத்திரம் கையை விட்டுப் போகும் என்றால் நிறுவனங்கள் கேட்கும், மற்றபடி நாம் கத்துவது கேட்காது.

திரையில் இன்னொரு சிக்கல் ஆயுள். ஒரு காரைப் பதினைந்து வருடம் வைத்திருக்கிற பழக்கம் உள்ளவர்கள் முக்கியமாக இதைத்தான் யோசிக்க வேண்டும். பழைய காரில் ரேடியோ கெட்டால் 180-க்கு 50 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, எந்த நிறுவனத்து ரேடியோவையும் அந்த ஓட்டையில் சொருகிவிடலாம், உலகம் முழுக்க அதே அளவு. இப்போது திரை காரின் மற்ற கணினிகளோடு பின்னிக் கிடக்கிறது, கழற்றினால் ஏசியும் போகும், கேமராவும் போகும். 2021-ல் டெஸ்லா சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. காரணம், திரைக் கணினியில் இருந்த 8 ஜிபி நினைவகச் சிப் எழுதி எழுதித் தேய்ந்துபோனது. சிப் செத்தால் ரிவர்ஸ் கேமரா போச்சு, கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் கட்டுப்பாடு போச்சு. டயர் தேயும், பிரேக் பேட் தேயும் என்று நமக்குத் தெரியும். மெமரி சிப்பும் தேயும் என்று யாரும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதித் தருவதில்லை.

சரி, பீப் சத்தத்துக்கு வருவோம். இங்கே கதை வேறு, ஏனென்றால் இதில் பெரும்பகுதி சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் போட்ட பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2022 ஜூலையில் புதிய மாடல்களுக்கும் 2024 ஜூலையில் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரு பெரிய பட்டியல் கட்டாயமானது: வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிப்பது, ஓட்டுநர் அசந்தால் எச்சரிப்பது, லேனை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் திருப்புவது, மோதப் போனால் தானே பிரேக் போடுவது, விபத்துத் தகவலைப் பதிவு செய்யும் கருப்புப் பெட்டி. வேக எச்சரிக்கையை நீங்கள் அணைக்கலாம். ஆனால் அடுத்த முறை காரை எடுக்கும்போது அது மறுபடி உயிரோடு இருக்கும், அப்படி இருக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. ஒரே ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்த மென்பொருள் பல நேரம் மற்ற நாடுகளுக்கும் அப்படியே போவதால், அந்தச் சட்டமே இல்லாத ஊர்களிலும் இதே பீப் கேட்கிறது.

காரின் கேமரா சாலையோர வேக வரம்புப் போர்டைச் சரியாகப் படித்தால் இதில் பெரிய குறை இல்லை. பக்கத்துச் சர்வீஸ் ரோட்டின் 40-ஐப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் போகிற உங்களைத் திட்டும்போதுதான் எரிச்சல். பொய்யாக அடிக்கும் மணியை மனித மூளை சீக்கிரமே கேட்காமல் விட்டுவிடுகிறது, அப்புறம் நிஜமாக அடிக்கும்போதும் கேட்காது. அதுதான் ஆபத்து.

வரலாற்றில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவில் 1974 மாடல் கார்களில், முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு பூட்டு வைக்கச் சொன்னார்கள். நோக்கம் சரிதான், பெல்ட் உயிரைக் காக்கும். ஆனால் சீட்டில் ஒரு பையை வைத்தாலே அதை ஆள் என்று நினைத்துக்கொண்டு கார் கிளம்ப மறுத்தது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள், வயரைப் பிடுங்கிப் போட்டார்கள், அதே வருடம் அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தப் பூட்டைத் தடை செய்ததோடு, பெல்ட் எச்சரிக்கை ஒலி எட்டு விநாடிக்கு மேல் கட்டாயமாக்கக் கூடாது என்றும் சட்டம் போட்டது. பீப் எத்தனை விநாடி அடிக்கலாம் என்று நாடாளுமன்றம் உட்கார்ந்து முடிவு செய்த அளவுக்கு எரிச்சல் இருந்திருக்கிறது.

எரிச்சலையும் பயனையும் மக்கள் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், சர்வீஸுக்கு வந்த ஹோண்டா கார்களில் எந்த அம்சம் இயக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து 2016-ல் வெளியிட்டது. மோதல் எச்சரிக்கையைக் கிட்டத்தட்ட யாருமே அணைக்கவில்லை. லேன் எச்சரிக்கை இருந்த கார்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் அது இயங்கிக்கொண்டிருந்தது. இதே ஆய்வகத்தின் கணக்குப்படி, தானே பிரேக் போடும் வசதி முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துகளைப் பாதியாகக் குறைக்கிறது. என் கட்சியும் இதுதான். நவீன அம்சம் எதுவும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள்கூட இந்த ஒன்றையும், வழுக்கும்போது காரை நேராகப் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும் விட்டுவிடக் கூடாது. இரண்டும் வருடக்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, வேண்டிய அரை விநாடியில் மட்டும் வேலை செய்பவை. லேனுக்குள் இழுக்கும் ஸ்டீயரிங் எனக்குப் பிடிக்காது, அது வேறு. சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய வெள்ளைக் கோடும் புதிய மஞ்சள் கோடும் சேர்ந்து கிடக்கும்போது அது எந்தக் கோட்டை நம்பும் என்று யாரால் சொல்ல முடியும்.

ஆகவே கார் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, 'இதை அணைக்க முடியுமா' என்பது போதாது. எத்தனை தட்டில் அணைக்க முடியும் என்று கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை இரண்டு விநாடி அழுத்தினால் எல்லாம் உங்கள் விருப்பப்படி மாறிவிடும் என்று வைத்திருக்கின்றன. சில நிறுவனங்கள் அமைப்புகள், வாகனம், ஓட்டுநர் உதவி, எச்சரிக்கைகள் என்று நான்கு படி உள்ளே போகச் சொல்கின்றன, அதுவும் தினமும். ஒரே சட்டத்துக்குக் கீழ் இருக்கும் இரண்டு கார்கள், ஒன்றோடு நிம்மதியாக வாழலாம், இன்னொன்றை ஆறு மாதத்தில் விற்றுவிடத் தோன்றும்.

இந்த உதவிகளுக்குக் கண்ணாக இருக்கும் கேமரா முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, ரேடார் பம்பருக்குள் இருக்கிறது. கல் பட்டுக் கண்ணாடி விரிந்தால் முன்பு போல எந்தக் கடையிலும் மாற்றிக்கொண்டு வந்துவிட முடியாது, கேமராவை மறுபடி அளவு சரிபார்த்துப் பொருத்த வேண்டும், அதற்குக் கேமரா பார்த்து அளவெடுக்கும் தனி குறிப் பலகையும் மென்பொருளும் வேண்டும். வாங்கும்போதே இன்சூரன்ஸில் இந்தச் சரிபார்ப்பும் சேருமா என்று கேட்டுவிடுவது நல்லது.

சிக்னலில் இன்ஜின் தானாக அணைவதற்கு மூலம் புகைச் சோதனை. சோதனைச் சுற்றில் கார் நின்றிருக்கும் நேரம் கணிசமாக உண்டு, அப்போது இன்ஜின் ஓடாவிட்டால் அதிகாரபூர்வமான எரிபொருள் கணக்கு அழகாக வரும். கார் சான்றிதழ் வாங்கியதே அந்த வசதி இயங்கும் நிலையில் என்பதால்தான் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது தானாக இயங்கும் நிலைக்கே திரும்புகிறது, உங்களைச் சீண்டுவதற்காக இல்லை. நெரிசலான ஊரில் நிஜமாகவே கொஞ்சம் எரிபொருள் மிச்சம் ஆகும். ஆனால் இந்தக் கார்களுக்கு அடிக்கடி செல்ஃப் எடுப்பதைத் தாங்கும் தனி வகை பேட்டரி தேவை, அது சாதாரண பேட்டரியைவிட விலை கூடுதல், மாற்றும்போது சிலவற்றில் புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவும் செய்ய வேண்டும். மிச்சம் எங்கே போகிறது என்று புரிந்திருக்கும்.

இப்போது சந்தா. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். பிஎம்டபிள்யூ 2022-ல் சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்டது. சூடேற்றும் கம்பி ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கிறது, நீங்கள் அதையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டு ஓட்டுகிறீர்கள், காசு கட்டினால் மட்டும் சுவிட்ச் வேலை செய்யும். உலகமே கேலி செய்த பிறகு 2023-ல் கைவிட்டார்கள். டொயோட்டாவின் சில மாடல்களில் சாவியில் இருக்கும் பட்டனை அழுத்தித் தூரத்திலிருந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வசதி, இலவசக் காலம் முடிந்ததும் சந்தா இல்லாமல் நின்றுபோனது 2021 இறுதியில் தெரியவந்தது. சாவிக்கும் காருக்கும் நடுவே ரேடியோ அலைதான், இன்டர்நெட்டே தேவையில்லை, இருந்தாலும் நின்றது. ஷோரூமில் காட்டும் எல்லா வசதியிலும், 'இது எத்தனை வருடத்துக்கு, அதற்கப்புறம் என்ன' என்று கேட்காமல் நகராதீர்கள்.

காசு கட்டினாலும் நிலைக்காது என்பது அடுத்த கதை. காருக்குள் இருக்கும் சிம் எந்தத் தலைமுறை நெட்வொர்க்கோ, அந்த நெட்வொர்க் மூடப்பட்டால் கதை முடிந்தது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி-யை நிறுத்தியபோது, பல கார்களில் விபத்து நடந்தால் தானே உதவிக்கு அழைக்கும் வசதி உட்படப் பலதும் ஒரே நாளில் ஊமையாகின. இன்ஜின் நன்றாக இருக்கிறது, பெயிண்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் வாங்கும்போது காசு கொடுத்த ஒரு பகுதி இறந்துவிட்டது. பயன்படுத்திய கார் வாங்குகிறவர்கள் இதை விலை பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்த சிம் வழியாக என்ன போகிறது என்பது இன்னும் பெரிய விஷயம். மோசில்லா அறக்கட்டளை 2023-ல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை, தாங்கள் பரிசீலித்த பொருள் வகைகளிலேயே கார்தான் மோசம் என்று எழுதினார்கள். 2024-ல் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் வெடித்தது. ஓட்டுநர்கள் எவ்வளவு வேகமாகப் போனார்கள், எங்கே திடீர் பிரேக் போட்டார்கள் என்ற விவரமெல்லாம், மக்களைப் பற்றிய தகவலை வாங்கி விற்கும் தரவுத் தரகர்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது, பிரீமியம் ஏன் ஏறியது என்று தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது. மூன்று விநாடிக்கு ஒரு முறைவரை கார் இருக்கும் இடத்தைப் பதிவு செய்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது, அத்தகைய தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்குக் கொடுக்க ஐந்து வருடத் தடை என்று உடன்பாடு ஆனது.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களில் கட்டாயமான அவசர அழைப்பு வசதி வேறு. அது சாதாரண நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், தொடர்ந்து பின்தொடரக் கூடாது, பெரிய விபத்து நடந்தாலோ பட்டனை அழுத்தினாலோதான் விழிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைப் பிடுங்கிப் போடுவது முட்டாள்தனம். நிறுவனம் தன் ஆப்புக்காகவும் 'இணைக்கப்பட்ட சேவை'க்காகவும் வைத்திருக்கும் தொடர்புதான் தகவலை அள்ளுவது. கார் ஒப்படைக்கும் நாளில் ஊழியர் உங்கள் மொபைலை வாங்கி வேகவேகமாக 'சம்மதம், சம்மதம்' என்று அழுத்திக்கொண்டு போவார். அந்த ஐந்து நிமிடத்தை அவரிடம் விட்டுவிடாமல் நீங்களே உட்கார்ந்து படித்து அழுத்துங்கள், ஓட்டும் பழக்கத்தை மதிப்பிடும் எந்தத் திட்டத்துக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் வசதி ரொம்பப் பேருக்குப் பிடிக்கும். திருடர்களுக்கும்தான். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை ஒரு கருவியில் பிடித்து, காருக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கருவிக்குக் கடத்தினால், சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகளும், சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் புதிய வகையும் இதற்கு நல்ல மருந்து. பல கார்களில் இந்த வசதியை மட்டும் அணைத்துவிட்டுப் பட்டனை அழுத்தித் திறக்கவும் முடியும், என்னைக் கேட்டால் அதுவே போதும். 2023-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இன்னொரு முறையை விளக்கினார்கள்: ஹெட்லைட்டுக்குப் போகும் வயரில் ஒரு சிறு கருவியைச் சொருகி, காரின் உள் வலைப்பின்னலுக்கே 'பூட்டைத் திற' என்று கட்டளை அனுப்புவது. ஹெட்லைட் வெறும் பல்பாக இருந்தவரை அந்த வழி இருந்ததே இல்லை. 2015-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஜீப் செரோக்கி ஒன்றை இன்டர்நெட் வழியாகவே நடுச்சாலையில் முடக்கிக் காட்டி, 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டது நினைவிருக்கலாம். அதற்கெல்லாம் பதிலாக வந்த ஐநா-வின் இணையப் பாதுகாப்பு விதி ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் அமலானபோது, போர்ஷேயின் பெட்ரோல் மக்கான் மாதிரி பழைய அடிப்படையில் ஓடிக்கொண்டிருந்த சில மாடல்கள் அங்கே விற்பனையிலிருந்தே விலகின. எளிமையான பழைய வடிவமைப்பு புதிதாகக் கிடைப்பது ஏன் அரிதாகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு பசை டப்பாவும் குட்டிப் பம்ப்பும் வைக்கிறார்கள், எடை குறைகிறது, டிக்கியில் இடம் கூடுகிறது. ஆணி குத்திய ஓட்டைக்கு அது உதவும், டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றும் ஆகாது, பசைக்குக் காலாவதி தேதியும் உண்டு. டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்து, ஸ்டெப்னி வைக்கும் குழியாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பின்னால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆயில் பார்க்கும் குச்சியை எடுத்துவிட்டு சென்சாரை மட்டும் வைத்திருக்கும் இன்ஜின்கள் இருக்கின்றன, சென்சார் பொய் சொன்னால் சரிபார்க்க வழி இல்லை. எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் மேட்டில் நிற்கும்போது சுகம்தான், ஆனால் பின் பிரேக் பேட் மாற்ற மெக்கானிக்கிடம் பெரும்பாலும் ஸ்கேனர் வேண்டும். பளபளக்கும் கருப்புப் பிளாஸ்டிக் கைரேகையைச் சேகரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பெரிய சக்கரமும் பக்கவாட்டு உயரம் குறைந்த ஒல்லி டயரும் படத்தில் நன்றாக இருக்கும், குழியில் விழும்போது முதுகெலும்பு கணக்குச் சொல்லும். அதே காரின் கீழ் வேரியண்டில் சின்னச் சக்கரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கலாம்.

கதவோடு மட்டமாகப் பதிந்திருக்கும் கைப்பிடியைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. காற்றுத் தடை குறையும் என்பது சொல்லப்படும் காரணம், உண்மையில் குறைவது கொஞ்சம்தான். விபத்தில் மின்சாரம் போனால் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியாமல் போகிறது என்ற புகார்கள் வந்ததால், 2027 ஜனவரி 1 முதல் புதிய மாடல்களின் கதவுகளில் மின்சாரம் இல்லாமலும் கையால் இழுத்துத் திறக்கும் அமைப்பு உள்ளேயும் வெளியேயும் இருந்தாக வேண்டும் என்று சீனா சட்டம் போட்டிருக்கிறது. இந்த மோகத்தை அதிகம் வளர்த்த சந்தைகளில் சீனாவும் ஒன்று என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட காரையே வாங்குவதென்றால், பின்சீட்டில் கையால் திறக்கும் கொக்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டு, வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை திறக்க வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எதுவும் இல்லாத பழைய காரே வாங்கிவிடலாம் என்று தோன்றலாம். தவறில்லை, ஆனால் எவ்வளவு பழையது என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதிய கார்களிலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். அதற்குப் பிறகும், ஆனால் திரைக்குள் எல்லாம் நுழைவதற்கு முன்பும் வந்த கார்கள் ஒரு நல்ல காலகட்டத்தைச் சேர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். புதிதுதான் வேண்டும் என்றால் கீழ் வேரியண்ட்டிலிருந்து மேலே போங்கள், மேலிருந்து கீழே வராதீர்கள். டெஸ்ட் டிரைவை முடிந்தால் இருட்டிய பிறகு எடுங்கள், விற்பனைப் பிரதிநிதியைப் பேசாமல் வரச் சொல்லுங்கள், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஏசி, வைப்பர், சத்தம் மூன்றையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

பயன்படுத்திய கார் என்றால் இன்னொரு வேலையும் உண்டு, சாவி வாங்கும் அன்றே செய்ய வேண்டியது. ஐபிஎம்-மில் வேலை செய்த பாதுகாப்பு வல்லுநர் ஒருவர், தான் விற்றுவிட்ட காரை வருடங்கள் கழித்தும் தன் மொபைல் ஆப்பில் பார்க்க முடிகிறது, பூட்டைத் திறக்கவும் முடிகிறது என்று 2017-ல் ஒரு மாநாட்டில் சொன்னார். காரின் திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்தால் மட்டும் அந்தத் தொடர்பு அறுவதில்லை, நிறுவனத்தின் சர்வரில் பழைய உரிமையாளர் கணக்கிலிருந்தும் கார் நீக்கப்பட வேண்டும். விற்பவர் எதிரில் இருக்கும்போதே அவர் ஆப்பைத் திறந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள், நீக்கிய பிறகு உங்கள் கணக்கில் சேர்த்து, காரில் பதிவாகியிருக்கும் சாவிகள் எத்தனை, மொபைல்கள் எத்தனை என்ற பட்டியலைத் திரையில் எடுத்துப் பாருங்கள். அதில் உங்களுடையதைத் தவிர வேறு எதுவும் இருந்தால், அது போகும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.